எழுத்துப்பிழையை அப்புறம் பாத்துக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசங்களுக்கு எழுதவே வரல, எல்லாம் போனால கெட்டுப்போச்சுன்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அதுல பாதிதான் ஒத்துக்க முடியுது. நான் பெரம்பூர்ல வீட்லயே ட்யூஷன் எடுக்கறேன், போனையே தொடாத பசங்களும் வராங்க, அவங்களும் கட்டுரைன்னா முன்னுரை பொருளுரை முடிவுரைன்னு நோட்ஸ்ல இருக்கறதை அப்படியே ஒப்பிக்கறாங்க.

வீட்ல "மழை கொட்டுச்சு"ன்னு பேசற குழந்தை நோட்ல "மழை கொட்டியது"ன்னு எழுதணும், கூடவே எந்த ல, எந்த ர, ரெண்டு சுழியா மூணு சுழியான்னு பாக்கணும், இதுக்கு நடுவுல சொல்ல வந்த விஷயம் எங்கங்க நிக்கும்? பாவம், அதுங்க சேஃபா நாலு வரியோட நிறுத்திக்குதுங்க. இதுல நிறைய வீட்ல கையெழுத்து கிளாஸுக்கு வேற காசு கட்றாங்க!

நாலாவது படிக்கிற ஒரு பையன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டதைப் பத்தி எழுதிட்டு வந்தான். "கரண்ட் போனது. பயமாக இருந்தது. பிறகு கரண்ட் வந்தது." அவ்ளோதான். பேனாவைத் தொடாம, உள்ள என்னடா வாசனை வந்துச்சுன்னு மட்டும் கேட்டேன். "மேல் வீட்டு ஆன்ட்டி வஞ்சிரம் வாங்கிட்டு வந்திருந்தாங்க மிஸ், அவங்க பையில இருந்து தண்ணி என் கால்ல சொட்டிட்டே இருந்துச்சு, இருட்டுல அது என்னன்னே தெரியல"ன்னான். அதை எழுதுடான்னேன். ஒரு பக்கம் எழுதிட்டான், வஞ்சிரத்துக்கு றகரம் போட்டுதான். அதை மறுநாள் திருத்திக்கிட்டோம், ஒண்ணும் குடி முழுகிடல.

வீட்லயும் இதைத்தான் பண்ணணும், முதல்ல சிரிக்கற இடத்துல சிரிச்சு, ஒரு கேள்வி கேளுங்க, சிவப்பு பேனா அப்புறம். எழுதறதைப் படிக்க ஒரு ஆளும் வேணும். ஊர்ல தாத்தா பாட்டி இருந்தா 50 பைசா போஸ்ட்கார்டு போதும், பதில் வந்துட்டா அடுத்த கார்டை அதுங்களே கேட்கும். லீவு நாள்ல கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, குழந்தைங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு, உள்ள போக காசு கிடையாது. அங்கயும் "ஜெனரல் நாலெட்ஜ் புக் எடு"ன்னு பின்னாடியே நிக்காதீங்க, ப்ளீஸ்.

உங்ககிட்டயும் ஒரு ரிக்வெஸ்ட் சார். உங்க சிறுவர் பக்கத்துல வர்ற கதைங்க நிறைய, அப்பாவோ அம்மாவோ பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்ததுன்னு படிச்சாலே தெரியுது. பசங்க பேசற மாதிரி எழுதினதையும் அப்படியே போடுங்க. இடம் பத்தலைன்னா பாதியா வெட்டிக்கோங்க, மிச்சப் பாதியில வார்த்தையை மட்டும் மாத்தாதீங்க.

இப்படிக்கு,
ஒரு ட்யூஷன் டீச்சர்,
பெரம்பூர், சென்னை-11