அட்டை ஒரு ஊரில், அடுப்பு ஒரு ஊரில்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி, எரிசக்தி, உணவு வழங்கல் துறைச் செயலாளர்களுக்கு,

வணக்கம். மூன்று துறைக்கும் ஒரே மடலாக எழுதுகிறோம். ஏனென்றால் வாடகைக்கு இருப்பவரின் குடிக்கூலி, கரண்ட் பில், ரேஷன் மூன்றும் வாடகை ஒப்பந்தம் என்ற ஒரே காகிதத்தில் போய் நிற்கின்றன. ஒண்டுக்குடித்தன வீடுகளில் பெரும்பாலும் அந்தக் காகிதமே கிடையாது. எழுதிக்கொடுத்தால் வரி ஏறும், குடித்தனக்காரர் காலி செய்ய மாட்டார் என்று வீட்டுக்காரருக்குப் பயம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதியச் சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தாண்டலாம் என்று அதே பிரிவு வழிவிடுகிறது. வீடு தேடி அலைபவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்?

கரண்ட் கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர், மூன்று குடித்தனம், இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 180 யூனிட். மொத்தம் 540. இலவச 100 யூனிட் ஒருமுறைதான் கழியும். 500-ஐத் தாண்டியதால் கட்டண அடுக்கும் ஏறிவிடும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் ஒரு குடும்பம் 1,440 ரூபாய் கட்டுகிறது. தனி மீட்டர் இருந்தால் 80 யூனிட்டுக்குத்தான் காசு, அதுவும் யூனிட் மூன்று ரூபாய்க்குள். 240 ரூபாய் தாண்டாது. மாதத்துக்கு 600 ரூபாய் வித்தியாசம். நாலு பேர் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு மாதப் பருப்பும் எண்ணெயும் அது.

வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டாலும், மின்வாரியத்துக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுகிறேன் என்ற இழப்பீட்டு உறுதிப்பத்திரமும் இரட்டிப்பு வைப்புத்தொகையும் கொடுத்துக் குடியிருப்பவரே தனி இணைப்பு கேட்க விதி இருக்கிறது. அதற்கும் முறைப்படி குடியிருப்பதற்குச் சான்று வேண்டும். மறுபடி அதே காகிதம்.

குடும்ப அட்டையை முகவரி மாற்றவும் அதே கதைதான். ஒப்பந்தம் இல்லை, கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். அட்டை சொந்த ஊரிலேயே கிடக்கிறது. வேறு கடையில் வாங்கலாம் என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் கடைக்குச் சரக்கு வருவது அங்கே பதிவான அட்டைக் கணக்கில். 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் தட்டுப்பாடானால் முதலில் வெறும் பையோடு திரும்புவது வெளியூர் அட்டைக்காரர்.

எங்கள் கோரிக்கைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. முகவரி மாற்றத்துக்குக் குடித்தனக்காரரின் உறுதிமொழியையும் கள விசாரணையையும் போதுமான சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். விசாரணைக்கு வருபவர் அடுப்பும் பாத்திரமும் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படி மாற்றிய அட்டையையே தனி மின் இணைப்புக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். சப் மீட்டரில் யூனிட்டுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு வையுங்கள். அட்வான்ஸ் பிரிவில் உள்ள அந்த விதிவிலக்கை நீக்கத் திருத்தம் கொண்டுவாருங்கள். இதில் அட்டை விஷயத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதையாவது வரும் கல்வியாண்டுக்கு வீடு மாறும் மே மாதத்துக்கு முன்னால் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடகைக் குடித்தனக்காரர்கள் சார்பில்