அப்பாவின் சம்பளம் என் பாக்கெட்டில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் கல்லூரிச் செலவுக்குத் திட்டமிடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை பெற்றோர் சேமிக்க வேண்டும், பெற்றோர் முதலீடு செய்ய வேண்டும் என்றே போகிறதே, பெற்றோர் தரமாட்டார்கள் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஏழை இல்லை. சிக்கலே அதுதான். நிரந்தர வேலை, மாதம் தவறாத சம்பளம். பள்ளி முடியும் முன்பே மேற்படிப்புச் செலவைப் பற்றிக் கேட்டேன், "பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லை நம்பி இரண்டு வருடம் சும்மா இருந்தேன். இடம் கிடைத்து, பணம் கட்டப் பதினோரு நாள் இருக்கும்போது, "நான் யார் காசுலயும் படிக்கல, நீயும் உன் காசுல படி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சரி, உதவித்தொகை இருக்கிறதே என்று ஓடினேன். படிவத்தில் குடும்ப வருமானம் என்று ஒரு கட்டம். உண்மையை எழுதினேன், வரம்புக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். "அப்பா தரமாட்டார் சார்" என்றேன். "அது உங்க வீட்டு விஷயம் தம்பி" என்றார் அந்த அலுவலர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெற்றோரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத்தான் அந்தப் படிவத்தில் கட்டம் இருந்தது, எவ்வளவு தருவார்கள் என்று கேட்க எந்தக் கட்டமும் இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கதை என்று அப்போது நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் உலகம் முழுக்க இதே கட்டம் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரசு உதவிக்கு ஃபாஃப்சா என்ற படிவம் நிரப்ப வேண்டும். பொதுவாக 24 வயது ஆகும்வரை, கல்யாணம் ஆகியிருந்தாலோ, சொந்தக் குழந்தையை வளர்த்தாலோ, ராணுவத்தில் இருந்தாலோ, பெற்றோர் இல்லாதவராக இருந்தாலோ ஒழிய, நீங்கள் பெற்றோரைச் சார்ந்தவர்தான். தனி வீட்டில் இருக்கிறேன், சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன் என்றால் எடுபடாது. அப்பா அம்மா காசு தர மறுக்கிறார்கள் என்பதை மட்டும் காரணமாகக் காட்டினாலும் எடுபடாது. வீட்டில் கொடுமை, அடியோடு உறவு அறுந்துபோன நிலை மாதிரி இருந்தால், கல்லூரியின் நிதியுதவி அலுவலர் ஆதாரம் பார்த்து விலக்கு தரலாம். சார்ந்தவர் என்றால் பெற்றோர் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், அந்தக் கணக்கில் வரும் தொகைக்கு வெகுகாலம் 'எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் எதிர்பார்த்தார்கள், யார் பங்களித்தார்கள் என்பது வேறு கதை. 2024-25 கல்வியாண்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'மாணவர் உதவிக் குறியீடு' என்று மாற்றினார்கள். பெற்றோர் வருமானத்தை வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்தியாவிலும் 2024-ல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையம் இல்லாமல், உத்தரவாதக்காரர் இல்லாமல் கடன் உண்டு என்கிறார்கள், நல்லது. ஆனால் வட்டிச் சலுகை என்று வந்ததும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மறுபடியும் அதே கட்டம்.

எல்லா ஊரிலும் இப்படித்தானா என்றால், இல்லை. ஜெர்மனியில் பிள்ளையின் முதல் தொழிற்படிப்புச் செலவைப் பெற்றோர் ஏற்க வேண்டும் என்பது சட்டப்படியான கடமை. அப்படியும் தராவிட்டால், பாஃபக் என்ற அரசு உதவித் திட்டத்தில் முன்பணம் கேட்டு மனுப் போடலாம். அரசு முதலில் மாணவருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் பெற்றோரிடம் போய் வசூல் செய்துகொள்ளும். எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. சண்டை பெரியவர்களுக்கும் அரசுக்கும் நடுவில், பிள்ளை பாட்டுக்கு வகுப்பில். ஸ்வீடனில் இன்னும் எளிது, படிப்புதவிக்குப் பெற்றோர் வருமானத்தையே பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் உள்நாட்டு மாணவர்கள் கல்விக் கட்டணத்தைக் கடனாக வைத்துக்கொண்டு, வேலைக்குப் போய் வருமானம் ஒரு அளவைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துக் கட்டலாம். இங்கிலாந்தில் கட்டணக் கடனுக்குக் குடும்ப வருமானம் பார்ப்பதில்லை, ஆனால் சாப்பாடு, அறை வாடகைக்கான கடனுக்குப் பார்க்கிறார்கள். பாதி கிணறு தாண்டின கதை.

இனி, இதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. பணம் தர மறுப்பதும் கையெழுத்துப் போட மறுப்பதும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அப்பா காசு தரமாட்டேன் என்றதும் ரோஷத்தில் அவரிடம் எந்தக் காகிதத்தையும் நீட்டவில்லை, அது என் முட்டாள்தனம். வருமான விவரம் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது வேறு, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவது வேறு. ஃபாஃப்சாவில் விவரம் கொடுப்பதால் மட்டும் பெற்றோர் தலையில் எந்தக் கடனும் ஏறாது. அதையும் தர மறுத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது வட்டி மானியம் இல்லாத அரசுக் கடன் மட்டுமே, அதுவும் முதல் வருடத்துக்கு 5,500 டாலர் வரைதான். பெற்றோரைச் சாராதவர் என்ற வகையில் வரும் மாணவருக்கோ 9,500 வரை உண்டு. ஆகவே காசுக்குச் சண்டை போட்டு முடித்த பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, கையெழுத்தைத் தனியாகக் கேளுங்கள். கூட்டுக் கடன் விஷயத்தில் பெற்றோர் பயப்படுவது நியாயமான பயம். பிள்ளை கட்டத் தவறினால் வங்கி அவர்கள் வாசலுக்குத்தான் வரும். ஓய்வுபெற நாலு வருடம் இருக்கிறவர் தயங்கினால் அதைப் பாசமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடனிலும் ஒரு கண் வேண்டும். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பார்கள், அதை வட்டியே இல்லை என்று நான் காதில் வாங்கிக்கொண்டேன். 1,00,000 கடனுக்கு 10 சதவீதம் தனிவட்டி என்று போட்டாலே நாலு வருடத்தில் 40,000 சேர்ந்திருக்கும், நீங்கள் ஒரு ரூபாய் சம்பாதிக்கும் முன்பே. முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வாருங்கள்.

நான் அந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு வருடம் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன், அடுத்த வருடம் கட்டணம் குறைந்த வேறொரு கல்லூரியில் சேர்ந்தேன். பகுதி நேர வேலையும் பார்த்தேன். உழைத்தே படித்தவன் என்று மேடையில் கைதட்டுவார்கள், ஆனால் வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வகுப்பில் உட்காரும் பையனுக்குப் பாடம் தலையில் ஏறாது. எனக்கு இரண்டு தாள் போனது. தேர்வுக் கட்டணத்தை மறுபடி கட்டினேன், அந்தக் காசுக்காக இன்னும் கூடுதல் நேரம் வேலை. இந்தச் சுழலில் மாட்டினவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வருடம் தள்ளிப் போனதற்கு நான் இன்று வருத்தப்படவில்லை, ஆனால் வேலையையும் படிப்பையும் அந்த அளவுக்கு ஒன்றாக இழுத்ததற்கு வருத்தம் உண்டு.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, இதை நான் கோபமில்லாமல்தான் சொல்கிறேன். நான் சொன்ன படிப்பைப் படித்தால்தான் காசு என்று நிபந்தனை போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, அதை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் தரமாட்டீர்கள் என்றால் அதைப் பிள்ளை ஒன்பதாவது பத்தாவது படிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் அழும், அப்புறம் மதிப்பெண்ணைப் பார்த்துத் தரும் உதவித்தொகைகளைத் தேடும், கட்டணம் குறைந்த கல்லூரிகளைப் பட்டியல் போடும். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் கையை விரித்தால் அதற்கெல்லாம் நேரமே இருக்காது.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "பதினோரு நாள் இல்ல, மூணு வாரம் இருந்துச்சு" என்றார். அவர் ஞாபகம் அப்படி. என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. நான் எவ்வளவு தர முடியும், எவ்வளவு முடியாது என்பதை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன். தொகை கம்மிதான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு வேண்டுகோள் ஆசிரியரே. அடுத்த முறை உதவித்தொகைப் பட்டியல் வெளியிடும்போது, எதெது பெற்றோர் வருமானம் பார்க்கிறது, எதெது பார்ப்பதில்லை என்று பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன் ஒருவன்