விழித்ததும் துள்ளி எழாதே

அன்பு மகளுக்கு,

அலாரம் அடித்ததும் எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, சுவரைப் பிடித்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்புதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீயே நிதானமாக எழுந்திருப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படுத்திருக்கும்போது தலையும் இதயமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மூளைக்கு ரத்தம் சுலபமாகப் போய்விடும். நீ சட்டென்று நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அழுத்தமும் சரிகிறது. கழுத்துத் தமனிகளிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் நரம்பு முனைகள் அதை உடனே கண்டுகொண்டு, மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் சொல்லிவிடுகின்றன. அங்கிருந்து, உடம்பைத் தானாக உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் வழியே உத்தரவு போகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நிமிடத்துக்கு 10 முதல் 20 துடிப்பு வரை கூடுகிறது. நீ கேட்காமலே தினமும் உனக்காக இவ்வளவும் நடக்கிறது, எனக்கு இதை நினைத்தால் இன்றும் வியப்புதான். ஆனால் இதற்கு ஒருசில நொடிகள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் உனக்குக் கண் இருட்டுகிறது. இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பு என்றால் இன்னும் சிரமம்.

அதனால், விழித்ததும் படுத்தபடியே பாதங்களை நாலைந்து தடவை மடக்கி நீட்டு. கெண்டைக்கால் தசை இறுகும்போது ரத்தத்தை மேலே தள்ளும். அப்புறம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திரு.

இன்னொன்று. காலையில் அரை மணி நேரம் மூளையே ஓடவில்லை, நான் சோம்பேறி என்று உன்னை நீயே திட்டிக்கொள்கிறாய். அதை விட்டுவிடு. மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்ளும் மூளைத்தண்டு முதலில் விழித்துக்கொள்ளும். யோசிக்கவும் முடிவெடுக்கவும் உதவும் முன்மூளைப் பகுதி மெதுவாகத்தான் வந்து சேரும். உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பும் பெரும்பாலும் விழித்து 30 முதல் 45 நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடு. விழித்திரையிலிருந்து உடல் கடிகாரத்துக்கு நேராக ஒரு நரம்புப் பாதை இருக்கிறது, வெளிச்சம் பட்டால் அதற்குப் பொழுது விடிந்தது தெரிந்துவிடும். முக்கியமான முடிவுகளை மட்டும் கொஞ்சம் தள்ளி வை.

இப்படியெல்லாம் எழுந்தும் தலைசுற்றல் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிபி பார்க்கச் சொல். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் என்னவென்று அவர்கள் தேடுவார்கள். நீ சாப்பிடும் மாத்திரைகளை ஒன்று விடாமல் சொல்லு, சில மாத்திரைகளாலும் இப்படி வரும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. பார்த்துவிட்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா