ஐரோலியிலிருந்து அப்பாவுக்கு

ஐரோலி, நவி மும்பை
பிப்ரவரி 10

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லச் செல்வி எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தோள்பட்டை வலி இன்னும் விடவில்லை என்று படித்ததும் மனம் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்குத் துடுப்பைச் சித்தப்பாவிடம் கொடுங்கள். பொங்கல் கூட்டம் முடிந்துவிட்டது, பிச்சாவரத்தில் இனிச் சவாரி குறைவுதானே.

நான் சௌக்கியம். அறையில் இப்போது ஆறு பேர் இருக்கிறோம், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். காலையில் வடாபாவ், இரவில் லேசாக ஏதாவது. வயிற்றுக்கு அதுதான் நல்லது. எதிர்வீட்டில் ஒரு கோலிப் பாட்டி இருக்கிறார். கோலிகள் இந்தக் கரையின் பழைய மீனவர்கள். வாசலில் கயிறு கட்டி, இரண்டிரண்டு பொம்பில் மீன்களைத் தாடையோடு தாடை கோத்துக் காயப்போடுவார். தெருவில் யாரோடும் பேசாதவர், நான் தலை துவட்டாமல் வெளியே வந்தால் மட்டும் மராத்தியில் அதட்டுவார். போன வாரம் கருவாடு கொடுத்தார். அம்மா வைக்கும் குழம்புக்கு அது ஈடாகாது.

பாட்டியின் பேரன்தான் ஞாயிற்றுக்கிழமை பூநாரை பார்க்க என்னை இங்குள்ள ‘தானே’ என்ற கடற்கழிக்கு அழைத்துப் போனான். அப்பா, நம் காடு இங்கேயும் இருக்கிறது! நடைபாலத்தின் இரு பக்கமும் வெண்கண்டல் மரங்கள். இலையைத் தடவிய விரலை நாக்கில் வைத்தேன், அதே உப்பு. சேற்றைக் குத்திக்கொண்டு மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேர்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள், தத்தித் தத்திப் போகும் சேற்று மீன்கள். நம் சுரபுன்னையைப் போல வளைந்திறங்கும் வேர்களைத்தான் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. கழி அகலமானது, கிளைகள் தலைக்கு மேல் கூடும் வாய்க்கால் இங்கே இல்லை.

ஏற்றவற்றம் பார்த்துத்தான் படகு விடுகிறார்கள். எல்லாம் மோட்டார் படகு. வற்றத்தில் தெரியும் சேற்றுத்திட்டு முழுக்கப் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து அலசிப் பாசியைச் சலித்துத் தின்கின்றன. தின்னும் பாசியிலிருந்துதான் இறகுக்கு அந்த ரோஜா நிறம் ஏறுகிறதாம். இளம் பறவைகள் சாம்பலாகத்தான் இருந்தன. குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து நவம்பர் வாக்கில் வந்து மே வரை தங்குகின்றன. இந்த இடத்தை 2015-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம் பிச்சாவரமும் அதே ஆண்டில்தான் சேர்ந்தது. அதைப் பேரனிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்றுதான் பொறுக்கவில்லை. திரும்பும் வழியில், கட்டட இடிபாட்டை லாரி லாரியாக மரத்தடியில் கொட்டியிருந்தார்கள். மூச்சுவேர் மூடிப்போனால் மரம் எப்படிப் பிழைக்கும்? 2005 ஜூலை 26-இல் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. காட்டை அழித்து மேடாக்கியதால்தான் தண்ணீர் வடியவில்லை என்று பாட்டி இன்னும் திட்டுகிறார். சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த நம் பக்கத்து ஊர்கள் தப்பியதை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! இவர்களுக்கு அதை யார் சொல்வது?

நடுக்கழியில் மோட்டாரை அணைத்தார்கள். சேற்று வாசனை வந்தது. உங்கள் துடுப்பு நீரில் விழும் சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருந்தது. பேரன் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை அப்பா.

வேலை செய்யும் இடத்தில் கணக்கு மாற்றுகிறார்கள், அதனால் இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். வேறொன்றும் இல்லை. அம்மாவின் சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி, அடகுச் சீட்டைப் புதுப்பித்துவிடுங்கள். மீட்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடலூர் மாப்பிள்ளை வீட்டாரிடம் வைகாசிக்கு மேல் நாள் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரையில் எனக்கு லீவு கிடைக்காது. செல்விக்குப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று அவளைத் தனியாகக் கேளுங்கள். பெரியத்தை முன்னால் கேட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள். பதிலை அவளே எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
குமார்