மெக்கிரெகரை விட்டுவிடாதே

கயலுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் அங்கே ஸ்காட்லாந்தில் பதிய வேண்டும், என் பெயரையே அவளுக்கும் பின்னால் போட்டுவிடலாம், மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் பெயரான மெக்கிரெகரும் சேர்த்தால் ரொம்ப நீளமாகிறது, மாப்பிள்ளையும் உன் இஷ்டம் என்றுவிட்டார் என்றாய். என் பெயர் பேத்தியோடு வருவது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதற்காக அவர்கள் பெயரை எடுத்துவிடாதே அம்மா.

மெக் என்றால் அவர்களுடைய கேலிக் மொழியில் மகன். கிரெகரின் மகன், அவ்வளவுதான், உன் இனிஷியல் மாதிரி. பெண்ணாக இருந்தால் மெக் கிடையாது, நிக். கேலிக்கில் நம் குட்டி நிக்கிரிகர். 14-ஆம் நூற்றாண்டில் கிளென் ஆர்க்கிப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கிரெகரிடமிருந்து வந்தவர்கள். பழைய ராஜா கெனத் மெக்கால்பின் வம்சம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை, அதை விடு. நிலம் மட்டும் கைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. நிலத்துக்குப் பட்டயம் வைத்திருந்த கேம்ப்பெல்கள் என்ற இன்னொரு குலத்தார் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள்.

1603 பிப்ரவரியில் லாக் லோமண்ட் ஏரிக்குப் பக்கத்தில் கிளென் ஃப்ரூயினில் கல்ஹூன் குடும்பத்தாரோடு சண்டை, அந்தப் பக்கம் நிறையப் பேர் செத்தார்கள். அது தப்புதான், நான் மறைக்கவில்லை. ஆனால் ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸ் கொடுத்த தண்டனை ஆளுக்கு அல்ல, பெயருக்கு. இங்கிலாந்து சிம்மாசனம் கிடைத்து லண்டனுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 3-ஆம் தேதி, மெக்கிரெகர் என்ற பெயரே இனி கூடாது, வைத்துக்கொண்டால் மரணம் என்று உத்தரவு வந்தது. தலைவர் அலாஸ்டரை அடுத்த ஜனவரியில் எடின்பரோவில் தூக்கில் போட்டார்கள். அப்புறம் வந்த உத்தரவுகளில் நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது, இறைச்சி வெட்ட முனையில்லாத கத்தி தவிர ஆயுதம் கூடாது என்று வந்தது. 1633-ல் வந்த சட்டம்தான் எனக்குத் தாங்கவில்லை: எந்தப் பாதிரியாரும் ஆண் குழந்தைக்குக் கிரெகர் என்று ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது. பேத்தி பிறந்த வாரத்தில் இதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன்.

உயிரோடு இருக்க வேண்டுமே, அதனால் மர்ரே, டிரமண்ட், கிரகாம், கேம்ப்பெல் என்று கிடைத்த பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தக் குலத்திலேயே பெரிய பேர் வாங்கிய ராப் ராய்கூட அம்மா வழிப் பெயரான கேம்ப்பெல்லில்தான் கையெழுத்துப் போட்டார். 1661-ல் தடையை நீக்கி, 1693-ல் மறுபடி போட்டு, 1774-ல்தான் ஒரேயடியாக எடுத்தார்கள். கணக்குப் பார், 1603-லிருந்து 171 வருஷம். அத்தனை தலைமுறை வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர் என்று வாழ்ந்திருக்கிறார்கள்! அப்பன் பிள்ளை காதில் மெல்ல சொல்லாமல் இருந்திருந்தால் மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்திருக்குமா?

இன்னொன்று, இது உனக்குப் பிடிக்கும். தடைக்கு முன்பே, 1570-ல், கிரெகர் ராய் என்ற தலைவரைக் கேம்ப்பெல்கள் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி மேரியனும் கேம்ப்பெல் வீட்டுப் பெண்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, தன் சொந்தக்காரர்களையே சபித்து அவள் பாடியதாகச் சொல்லும் ஒப்பாரியைக் கேலிக் பேசும் வீடுகளில் இன்றைக்கும் தாலாட்டாகப் பாடுகிறார்கள். சம்பந்தி அம்மாவிடம் கேட்டுப் பார், தெரிந்திருந்தால் பாடச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு.

சரி, குளிர் குறைந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு பால்க்விடர் கிராமத்துக்குப் போய்விட்டு வாருங்கள், ஸ்டர்லிங்கிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ராப் ராய் கல்லறை அங்கே சர்ச் வளாகத்தில் இருக்கிறது, மனைவியும் இரண்டு மகன்களும் பக்கத்திலேயே. அவர்கள் எத்தனை தடுத்தாலும் மெக்கிரெகர்தான் என்ற அர்த்தத்தில் கல்லில் எழுதியிருக்கிறது. அதன் பக்கத்தில் அவளை வைத்து ஒரு போட்டோ எடு.

பதிவு அலுவலகத்துக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. என் பெயரை நடுவில் போடு, கடைசியில் மெக்கிரெகர். எழுத்து ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்த்துக்கொள். பத்திய சாப்பாட்டை விட்டுவிடாதே, அம்மா பூண்டுப் பொடி அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா