அரை ஆயுள் இரண்டு சேர்ந்தால் முழு ஆயுள் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் அயோடின் சிகிச்சை பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளிகளுக்குத் தைரியம் சொல்லும் நல்ல கட்டுரை. ஆனால் ஒரு வரி தவறு. அந்தச் சிகிச்சையில் கொடுக்கும் கதிரியக்க அயோடினான அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாள், ஆகவே 16 நாளில் கதிரியக்கம் முழுவதும் தீர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறது.

31 வருடம் வேதியியல் நடத்தியவள் நான். இதே கணக்கை விடைத்தாள்களில் வருடம் தவறாமல் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அரை ஆயுள் என்று கேட்டால், முழு ஆயுள் அதைப்போல் இரண்டு மடங்கு என்றுதானே யாருக்கும் தோன்றும்?

நடப்பது வேறு. 8 நாளில் பாதி போகும். அடுத்த 8 நாளில் மிச்சத்தில் பாதிதான் போகும். 16-ஆம் நாள் கால் பங்கு இருக்கும், 24-ஆம் நாள் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), 32-ஆம் நாள் வீசம் (பதினாறில் ஒரு பங்கு). நம் பழைய பின்ன வாய்ப்பாடு இறங்கும் அதே வரிசை. 80 நாளில் 1024-இல் ஒரு பங்கு மிஞ்சும்.

வகுப்பில் இதைப் புளியங்கொட்டையை வைத்துத்தான் நடத்துவேன். 200 கொட்டை. தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைச் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியத் தேய்க்க வேண்டும். (தேய்த்த சூட்டோடு பக்கத்துப் பிள்ளை கையில் வைத்து அலற விடுவதும் நடக்கும்.) முறத்தில் குலுக்கிக் கொட்டி, வெள்ளை தெரிய விழுந்ததை எல்லாம் சிதைந்த அணுவாகக் கருதிப் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணி மறுபடி கொட்டுவோம். ஒரு தடவை 200, 103, 49, 26 என்று இறங்கியது. கடைசியாக மிஞ்சிய ஒரே கொட்டை நான்கு வீச்சுக்கு வெள்ளையே காட்டவில்லை. "டீச்சர், இதுக்கு வயசாகவே இல்லை" என்றாள் ஒரு மாணவி. நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள். அணுவுக்கு வயதாவதில்லை. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. உப்பில் இருக்கும் சாதாரண அயோடினுக்கும் இந்த அயோடின்-131-க்கும் தைராய்டுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டிலும் 53 புரோட்டான், 53 எலக்ட்ரான். வேதிவினைக்கு அது போதும். அதனால்தான் மருந்து தானாகவே தைராய்டு செல்களைத் தேடிப் போய்ச் சேர்கிறது. வித்தியாசம் அணுக்கருவுக்குள்: 74 நியூட்ரானுக்குப் பதில் 78. அவற்றில் ஒன்று புரோட்டானாக மாறும்போது பீட்டா துகள் (வேகமாகப் பாயும் எலக்ட்ரான்) வெளிவருகிறது. திசுவில் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்கூடத் தாண்டாத அந்தத் துகள்தான் புற்றுச் செல்லை அழிக்கிறது. அயோடின் அணு செனான் அணுவாகிவிடுகிறது. கூடவே வரும் காமா கதிர் உடலைத் தாண்டி வெளியே வரும் என்பதால்தான் சில நாள் தனிமை. கொதிக்க வைத்தாலும் அமிலம் ஊற்றினாலும் இந்தச் சிதைவின் வேகம் மாறாது.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் தங்கைக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. உறவினர் ஒருவர் 16 நாள் கணக்குப் போட்டு, "அப்புறம் ஒன்றும் இல்லை" என்றார். அவள் மாமியாரோ மூன்று மாதமாகியும் பேரனை அவள் மடியில் விடவில்லை. முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும், அதற்காகத்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள் என்று அந்த அம்மாவுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எத்தனை நாள் விலகியிருப்பது என்பதைக் கொடுத்த அளவைப் பார்த்து மருத்துவமனைதான் சொல்லும். 8-ஐ இரண்டால் பெருக்கி நாமே முடிவு செய்யக் கூடாது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். இனி எழுதும்போது 'பாதியாகும் காலம்' என்றே எழுதினால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திண்டுக்கல்.