மகளின் படங்களை அனுமதியின்றி விளம்பரமாகப் போட்டது தொடர்பான புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு உங்கள் ஸ்டூடியோதான் படம் பிடித்தது. அல்பத்தில் ஒரு குறையும் இல்லை. பார்த்த சொந்தக்காரர்கள் உங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார்கள். என் புகார் வேறு.

விழா முடிந்த நாலாம் நாளே அவளுடைய 11 படங்கள் உங்கள் பேஸ்புக் பக்கத்தில் ஏறிவிட்டன. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் கட்டியிருந்த பதாகையில் அவளின் முழுப்பெயர் அப்படியே தெரிகிறது. அது போதாதென்று, "பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?" என்று யாரோ கீழே கேட்க, உங்கள் பக்கத்திலிருந்தே பதிலும் போயிருக்கிறது. 13 வயதுப் பிள்ளை. கேட்டவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

அதில் ஒரு படத்தை வெட்டியெடுத்து, "இந்தச் சிறுமியைக் காணவில்லை, பகிருங்கள்" என்று எவரோ வட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை மகள் என் பக்கத்திலிருந்து இடியப்பம் சாப்பிடுகிறாள், மட்டக்களப்பிலிருந்து மாமி போனில் அழுகிறார். கனடாவிலிருக்கும் தம்பி வரை செய்தி போய்விட்டது. பகிர்ந்தவர்களில் எனக்குக் கோபமில்லை. பிள்ளையைக் காணவில்லை என்றால் நானும்தான் பகிர்வேன். அன்றே பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். மகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டாள்.

உங்கள் கடைக்கு வந்து சொன்னபோது, "பேஸ்புக்கில வாறதை யார் அக்கா நம்பப்போறாங்க" என்று சிரித்தார் அங்கிருந்த தம்பி. 2018 இல் அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக பேஸ்புக்கில் பரவிய பொய்யை நம்பித்தான் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதித்துப் பார்த்தால் அது வெறும் மாவு. அந்தத் தம்பிக்கு அப்போது சின்ன வயதாக இருந்திருக்கும், சரி. உங்களுக்கு ஞாபகம் இருக்குமே.

பற்றுச்சீட்டின் பின்புறம் படங்களை விளம்பரத்துக்குப் பாவிக்கலாம் என்று இருக்கிறதாம். இருக்கிறதுதான், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில், ஆங்கிலத்தில். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விளங்கிக்கொண்டு தெளிவாகக் கொடுப்பதுதான் சம்மதம். பிள்ளைகளின் தரவை அந்தச் சட்டம் விசேட வகையாகவே வைத்திருக்கிறது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஓடித்திரிந்த நேரத்தில் முற்பணம் கட்டி வாங்கிய துண்டை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

7 நாட்களுக்குள் எல்லாப் படங்களையும் அந்தப் பதிலையும் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்குங்கள். கடையில் காட்டும் மாதிரி அல்பத்தில் இருந்தால் அதிலிருந்தும். "காணவில்லை" என்று பரவுவது பொய் என உங்கள் பக்கத்தில் ஒரு அறிவித்தல் போடுங்கள், அவள் படமோ பெயரோ இல்லாமல். செய்து முடித்ததை எழுத்தில் தரவேண்டும். தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியையும் ஸ்கிரீன்ஷொட்களையும் இணைத்திருக்கிறேன். அவற்றில் மகளின் முகத்தை மறைத்துத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளையின் தாய்